இரண்டு இருக்கைக் காரும் நாங்கள் மூன்று பேரும்

என் தம்பியை உயிரோடு இருக்கும்போது ஒருநாளும் "அவர்" என்று நான் சொன்னதில்லை. நினைவு மலரில் மரியாதை வேண்டும் என்று என் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்பதால் அப்படி எழுதுகிறேன். மேலே இருந்து வாசித்தால், அக்கா எதற்கோ அடிபோடுகிறா என்றுதான் நினைப்பார். அவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளை. பிறந்ததும் அழாமல் எல்லோரையும் ஒரு மாதிரிப் பார்த்தாராம். நாட்டை விட்டு ஓடி, ஜெர்மனியில் ஒரு கராஜில் எண்ணெய் துடைத்துத் தொழில் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து, மோர்டனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறினார். பெண் பார்க்கப் போன இடத்திலும், "படத்தில இருக்கிற ஆள்தானோ?" என்று கேட்டவர். அதே ஆள்தான். குளிர்காலத்தில் அயலவரின் கார்கள் மக்கர் பண்ணினால் கூலி வாங்காமல் திருத்திக் கொடுப்பார். ஏன் வாங்குகிறார் இல்லை என்று சனம் அவரையே சந்தேகப்பட்டது.

இந்த 2009ஆம் ஆண்டு ஊர்ச் செய்திகளைப் பார்க்கத் தாங்காமல் தொலைக்காட்சியை விட்டு எழும்பி, வீட்டுக் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கார் ஒன்று கட்டுகிறார் என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அறிந்தோம். கேட்டால் சொல்லமாட்டார். இன்னும் முடியாத வேலையை வாயால் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்பது அவருடைய சட்டம்.

காரில் இரண்டே இருக்கை. ஒன்று அவருக்கு. மற்றது யாருக்கு?

ஒருநாள் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"அக்கா, இதில ஒருக்கா இருங்கோ."

இருந்தேன். இடுப்பிலிருந்து தோள் வரை நாடா பிடித்தார்.

"என்னடா, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியோ?"

"பேசாம நிமிந்து இருங்கோ."

நான் கட்டை. றோட்டு எனக்குத் தெரியவில்லை என்றதும் இருக்கைக்குக் கீழே இன்னொரு ஸ்பொஞ்ச் வைத்தார். குசினி ஜன்னலில் நின்று தம்பியின் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் தென்னை, நான் தேங்காய்.

"மச்சாள், அவர் உங்களை ஏன் அளந்தவர்?"

"எனக்கென்ன தெரியும்? உம்மட மனுசனைக் கேளும்."

"கேட்டனான். பேசாம இருக்கச் சொன்னவர்."

வீட்டில் கட்டிய காரை அரசாங்கம் சோதித்த பிறகுதான் தெருவில் விடலாம். சோதனை நாளில் காரைக் கட்டி இழுத்த சிநேகிதரின் வான் வண்டியில் நானும் மச்சாளும் ஏறிக்கொண்டோம். ஒருத்தியை விட்டு மற்றவள் போய்விடுவாளோ என்ற பயம்தான். சோதித்த வெள்ளைக்காரர் எங்கள் இருக்கையில் ஒரு கட்டையை வைத்து அளந்து, தலையை ஆட்டி, நீளமாகப் பேசினார். தம்பி எங்களுக்குச் சொன்னது குட்டையாக:

"சீற் உயரமாம். பெல்ற் வாற துளை அதுக்கு ஏத்த மாதிரி மேல இருக்கோணுமாம்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?" என்றார் மச்சாள்.

"ஓம்."

நாங்கள் நம்பவில்லை. மச்சாள் என்னைப் பார்த்தார். நான் அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த தம்பி ஸ்பொஞ்சைக் கிழித்து எறிந்தார். இருக்கை பள்ளமாயிற்று. அடுத்த முறை கார் தேறியது. நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தோம். முதல் ஓட்டம் விம்பிள்டன் பிள்ளையாரிடம். மச்சாள் கதவின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். தம்பி இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அர்ச்சனைத் தட்டை இருக்கையில் வைத்து, அதற்குப் பெல்ற் போட்டு, தனியே போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் போனோம். அதிலும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் இருந்தோம்.

அடுத்த ஓட்டத்துக்கு யார் என்று அறியக் கிடைக்கவில்லை. ஒருநாள் விடியக்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வைத்தியசாலையில் ஊசி போட வந்த பிள்ளையிடம், "என்ன மருந்து இது?" என்று கேட்டதே கடைசிப் பேச்சு.

போன கிழமை மச்சாள் என்னைக் கராஜுக்குக் கூட்டிப் போனார்.

"ஏறுங்கோ."

"நீர் ஏறும்."

"உங்களை அளந்து செய்தது, மச்சாள். நீங்கள் ஏறுங்கோ."

ஏறினேன். பெல்ற் கழுத்தை அறுத்தது. கண்ணுக்கு முன்னால் தகரம் மட்டும்தான். இறங்கி, மச்சாளைப் பிடித்து இருத்தினேன். பெல்ற் அவருடைய தோளில் அளவாகக் கிடந்தது.

"பாத்தீரே?"

"இது அரசாங்கம் எனக்குத் தந்தது. அவர் தரேல்ல."

"என்ர தம்பி ஆர் சொன்னதைக் கேட்டவன்? எனக்கெண்டு நினைச்சிருந்தா, ஒரு இரும்பை ஒட்டித் துளையை மேல ஏத்தியிருப்பான். அவனுக்கு அது ஒரு வேலையே? ஸ்பொஞ்சையெல்லோ கிழிச்சவன்."

மச்சாள் இறங்கவில்லை. பெல்ற்றைக் கழற்றவும் இல்லை. நான் போய்த் தேத்தண்ணி போட்டு, அங்கேயே கொண்டுவந்து கொடுத்தேன்.

தம்பியின் பெட்டியைத் தூக்கியவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், வான் தந்த சிநேகிதருக்கும், இருக்கை உயரம் என்று சொன்ன அந்த வெள்ளைக்காரருக்கும் எங்கள் நன்றி. துக்கம் விசாரிக்க வந்து காரையும் விசாரித்துப் போனவர்களுக்கு ஒரு சொல்: அது விற்பனைக்கு இல்லை. மச்சாள் கார் ஓடப் பழகப்போகிறாராம். பக்கத்தில் நான் இருக்க வேண்டுமாம். எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.