மடங்காத முழங்கால்

ஜப்பானில், ரோக்கியோவின் பழைய சுமோ வட்டாரமான ரியோகொகுவில், மல்லர்கள் பயிற்சி செய்யும் வீடொன்றில் காலை ஏழு மணிக்கு நிற்கிறோம். நானும் அண்ணனும் ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள்; கனடியக் கடவுச்சீட்டில் இதுதான் முதல் பயணம்.

பார்க்க வருபவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். மல்லர்களை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. அண்ணனின் வலது முழங்கால் மடங்காது. எண்பத்தேழில் யாழ்ப்பாணத்தில் ஷெல் பட்ட கால்.

“நான் வெளியில நிக்கிறன். நீ பாத்திட்டு வா.”

“நில்லுங்கோ அண்ணை, கேட்டுப் பாப்பம்.”

நான் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரப் பெண் ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து, காலைச் சுவர்ப் பக்கம் நீட்டும்படி ஓரமாக வைக்கிறாள். “காலில் என்ன?” என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

“பழைய அடி” என்கிறார் அண்ணன். ரொறன்ரோவிலும் எல்லோருக்கும் இந்தப் பதில்தான்.

பயிற்சி முடிந்ததும், மண் ஒட்டிய உடம்போடு ஒரு மல்லன் அண்ணனிடம் வருகிறான். தன் முழங்கால் கட்டை அவிழ்த்து, நீளமான தையல் தழும்பைக் காட்டுகிறான். பிறகு அண்ணனின் காலைச் சுட்டிச் சிரிக்கிறான்.

அண்ணன் கொஞ்சம் தயங்குகிறார். பிறகு குனிந்து, காற்சட்டையை மெதுவாக முழங்காலுக்கு மேலே சுருட்டுகிறார்.

“இஞ்ச பார்” என்கிறார் அவனிடம், தமிழில்.

ஒரே வீட்டில் இருந்தும், அந்தக் காயத்தை நானும் இன்றுதான் பார்க்கிறேன்.