இல்லாத தோட்டாவுக்கு மலிவான கருவி

இன்று ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் குழாய் வாஷர் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மேதாவி. சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை, மறுபடி மருந்து நிரப்புவதற்காக, அளவாக வெட்டும் கருவியில் எது மலிவு என்று கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தார்.

“கையால சுத்துறதே போதும் அங்கிள். மெஷின் வாங்குறவன் முட்டாள் லா.”

“துப்பாக்கி இருக்கா தம்பி?”

“இல்ல, யூடியூப்ல பாக்குறேன்.”

“வெறுங்கூடாவது இருக்கா?”

“எப்படி இருக்கும்? நேஷனல் சர்வீஸ்னு ஆர்மில இருந்தப்ப, சுட்டதும் எண்ணி வாங்கிடுவாங்களே. ஒன்னு கொறஞ்சதுக்கு எல்லாரும் புல்லுல மண்டி போட்டுத் தேடுனோம்!”

அந்தக் கருவியை இந்த ஊரில் யாரும் விற்பதில்லை என்றார் கடைக்காரர்.

“சரி, இருந்திருந்தா எவ்வளவு கொறைச்சிருப்பீங்க?”

பேரம் தொடங்கிவிட்டது. வாஷர் வாங்காமலே வந்துவிட்டேன்.

சொட்டும் குழாயோடு வாழப் பழகியவர்கள் யோசனை சொல்லுங்கள்.