ஸ்கேன் அறையில் தாயார் கேட்ட கேள்வி

கண் போய்விடும் என்று நான் நடுங்கிய ஆடி மாதத்தை, திருச்சானூர்த் தாயாரை நம்பும் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் ஊர் விஜயபுரம் பக்கம். எனக்குச் சத்தியவேட்டுக்கு அருகே கம்பெனி வேலை. அப்போது எனக்கு எதிரில் இருப்பது மட்டும் தெரியும். இரண்டு ஓரமும் தெரியாது. பக்கத்தில் வரும் தள்ளுவண்டியில் மூன்று தடவை இடித்துக்கொண்டேன். லைனில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடி மாற்றியும் பயனில்லை. அழுது தீர்த்தேன்.

இன்னொன்றும் இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. திருச்சானூர் போய்த் தாயாரிடம் வேண்டிக்கொண்ட பிறகு மாதவிலக்கு நின்றது. மார்பில் பாலும் கசிந்தது. கொடுத்துவிட்டாள் என்றே நம்பினேன். மூன்று மாதம் முடியுமுன் வெளியே சொன்னால் கண்ணு படும் என்பார்கள் எங்கள் பக்கம். நான் புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. பைத்தியக்காரி!

திருப்பதியில் கண் டாக்டர் மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். "தாயே, நீயே வழி காட்டு" என்று வேண்டியபடி தாலியையும் மெட்டியையும் கழற்றி புருஷன் கையில் கொடுத்தேன். நர்சம்மா பேப்பரோடு வந்தார்.

"முழுகாம இருக்கியாம்மா? கடைசியா தலைக்கு ஊத்திக்கினது எப்போ?"

பொய் சொல்ல வரவில்லை. மாதவிலக்கு நின்றதையும் பாலைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"இத்தினி நாளா இத்த மனசுலயே வெச்சிக்கினு இருந்தியா?" என்று பக்கத்தில் நின்ற என் புருஷன் பதறினார்.

சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கர்ப்பம் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் மெஷினுக்குள் படுத்தேன். தடதடவென்ற அந்தச் சத்தத்துக்குள் தாயாரோடு சண்டை போட்டேன். பிள்ளைதானே கேட்டேன், கண்ணையும் எடுத்துக்கொள்கிறாயா?

மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். மூளைக்கு அடியில் ஒரு கட்டி. இரண்டு கண்ணின் நரம்புகளும் சேருமிடத்தை அது அழுத்திக்கொண்டிருந்தது. நான் நர்சம்மாவிடம் சொன்னதை வைத்து ரத்தமும் பார்த்திருந்தார்கள். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ஏகத்துக்கு இருந்தது.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் மாத்திரைக்கே சுருங்கிடும். இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்."

அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சில வாரங்களில் ஓரங்கள் தெரிய ஆரம்பித்தன. அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. இப்போது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தலையைத் திருப்பாமலே தெரிகிறார். பிள்ளை இன்னும் இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தாயாரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எதையும் புருஷனிடம் ஒளிப்பதில்லை.

நீங்களும் தாயாரிடம் கேளுங்கள். அவள் யார் வாயாலாவது உங்களைத் திருப்பிக் கேட்பாள். அப்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.