ஏக்கருக்கு எட்டு கிலோ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு ஒரு கணவனும் மனைவியும் என்னைத் தேடி வந்தார்கள். இருவரையும் நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே அந்தப் பெண் கேட்டார்:

"ஏனுங்க, விவசாய ஆபீசர் வேலைய கேஸு போட்டு நிறுத்தி வெச்சிருக்கறது நீங்கதானுங்களா?"

அவ்வளவு மரியாதையான வார்த்தைகளில் யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. ஆனால் வந்தது சண்டைக்குத்தான்.

ஆமாம், கேஸ் போட்டது நான்தான். ஏன் போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வேளாண்மையில் இரண்டு வருட டிப்ளமோ படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு திருப்பூர் வந்துவிட்டேன். அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸ்களைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்துத்தான் உதவி வேளாண் அலுவலர் பதவிக்கான நேரடி நியமனத் தேர்வை எழுதினேன்.

நன்றாகவே எழுதியிருந்தேன். அதில் ஒரு கேள்வி, ஒரு ஏக்கர் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எவ்வளவு விதை தேவை என்பது. எட்டு கிலோ என்று குறித்தேன். விடைக்குறிப்பு வந்தபோது அதில் இருபது கிலோ என்று இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. கேள்வித்தாளை எடுத்து மறுபடி பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தமிழில் 'ஏக்கர்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'ஹெக்டேர்' என்று இருந்தது. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு இருபது கிலோ என்றால் சரி, ஏக்கருக்கு எட்டு கிலோ என்றாலும் சரி. மொழிபெயர்த்தவர் செய்த தப்பு, தமிழை மட்டும் படித்துவிட்டு எழுதியவர்கள் தலையில் வந்து விழுந்தது.

ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். பாடப்புத்தகப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. இறுதி விடைக்குறிப்பிலும் அதே இருபது. அந்த ஒரு கேள்விக்கான மதிப்பெண் குறைந்ததால் தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லாமல் போனது.

லீவு போட்டுவிட்டு சென்னைக்குப் போய், தேர்வு நடத்திய அலுவலகத்திலேயே கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் வித்தியாசம் வந்தா இங்கிலீஷ்தான் ஃபைனல். விதிமுறையிலயே போட்டிருக்கும்மா, படிக்கலையா?"

"நாளைக்கு வயல்ல நிக்கிற விவசாயிகிட்ட நான் இங்கிலீஷ்லயா சார் பேசப் போறேன்?" என்றேன்.

"அடுத்த ஆள் வாங்க" என்றார்.

வழக்குப் போடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என்னைப் போலவே அதே கேள்வியில் அடிபட்ட இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். உயர் நீதிமன்றம் எங்கள் மனுவை ஏற்று, பணி நியமனங்களுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. அன்று சந்தோஷத்தில் கேசரி கிளறி, பக்கத்து வீட்டு பீகார் குடும்பத்துக்கும் கொடுத்தேன். அவர்களுக்கு எதற்கென்று தெரியாது, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு அரசுத் தரப்பு பதில் மனு போட வேண்டும். போடவே இல்லை. விசாரணை நாளில் செல்போனைச் செக்கிங் டேபிளுக்குக் கீழே வைத்து, இயர்போன் மாட்டி இணைய வழியில் கேட்பேன். எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிடுவார்கள். பதில் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது, அவகாசம் வேண்டும் என்பார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் ஒரு டீ-சர்ட்டைத் திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே போனது.

இதற்கிடையில் தடை உத்தரவின் நகல் தேர்வானவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. முதல் மனுதாரர் என்று என் பெயர்தான் இருந்தது. யாரோ என் எண்ணையும் முகவரியையும் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். "பாஸ் பண்ணத் துப்பில்லாதவ" என்றார் ஒருவர். எனக்கும் அவர்கள் மேல் ஆத்திரம்தான். தப்பான விடையைப் போட்டுப் பட்டியலில் ஏறியவர்கள்; நாங்கள் சலித்துப்போய் விட்டுவிடட்டும் என்று வழக்கை இழுத்தடிப்பதும் அவர்கள் ஆட்களாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒருவர்தான் அன்று வாசலில் நின்றார். சொந்த ஊர் மடத்துக்குளம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை.

பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் இருவரும் உள்ளே வந்தார்கள். என் கணவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். வந்தவர் உட்கார்ந்தார். அவர் மனைவி நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

"லிஸ்ட்டுல இவரு பேரு வந்தப்பறந்தானுங்க எனக்குக் கண்ணாலம் பேசுனாங்க. ஆபீசர் மாப்ளைன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரு. இப்ப ஊட்டுக்குப் போனா, 'ஆபீசருக்கு எந்த ஊருக்குப் போஸ்டிங்கு'ன்னு கேட்டுச் சிரிக்கறாங்க. இவரு சாயத்தண்ணி சுத்தம் பண்ற மெசினுகிட்ட நிக்கறாரு. உங்களுக்கு ஒரு மார்க்கு போச்சுன்னா, அதுக்கு நாங்க என்னங்க பண்ணுனோம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த கேள்வித்தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, உங்க ஊர்ல மக்காச்சோளம் போடுவீங்கள்லா? நீங்களே சொல்லுங்க. ஏக்கருக்கு எத்தன கிலோ வெதை?"

அவர் தாளைக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாக, "எட்டுத்தானுங்க" என்றார்.

தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார். "நானும் மொதல்ல எட்டுன்னுதானுங்க போடப் போனேன். கீழ இங்கிலீஷப் பாத்துட்டு இருவதுன்னு மாத்திட்டேன்."

அவர் மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். "இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொல்லி என்ன ஆவப் போவுது" என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் பேச்சு சண்டையிலிருந்து இறங்கியது. அவர் தன் ஊர் நிலவரத்தைச் சொன்னார். நாலு வேளாண் அலுவலர்கள் பார்க்க வேண்டிய வேலையை அங்கே ஒருவரே பார்க்கிறாராம். போன போகத்தில் பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருக்கிறது. வந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தையே மறுபடியும் மறுபடியும் அடித்து, கடைசியில் ஒன்றும் தேறவில்லையாம். அந்தப் படைப்புழுவுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று படித்த நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் சாயத்தண்ணியிலும் ஒருவர் பனியன் மூட்டையிலும் கிடந்தோம்.

"கேஸ முடிச்சுக் குடுத்துருங்க. ஏனுங்க இழுக்கறீங்க?" என்றார் அவர்.

"நானா இழுக்கேன்? நீங்கள்லாம் சேந்து இழுக்கீங்கன்னுல்லா நான் நெனச்சிட்டிருக்கேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உடனே என் வக்கீல் மேடத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். இவருக்கு வேலை கிடைக்க வழியே இல்லையா என்று கேட்டேன். வக்கீல் சொன்னதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"ஏன் இல்லை? நமக்கு வேண்டியது மூணே மூணு இடம். அந்த மூணை ஒதுக்கி வெச்சிட்டு மத்தவங்களுக்கு ஆர்டர் கொடுக்கிறோம்னு அரசுத் தரப்பு முதல் மாசமே கேட்டிருந்தா கோர்ட் சரின்னு சொல்லியிருக்கும். அவங்க கேக்கவே இல்லை. நானா போய்க் கேட்டா நம்ம பிடி தளர்ந்துடும்னு நானும் சும்மா இருந்துட்டேன்மா."

மூன்று இடம். அதைக் கேட்பதற்கு ஒரு தாள் எழுத யாருக்கும் நேரமில்லை. அதற்காகப் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் இரண்டு வருடமாக ஆர்டருக்குக் காத்துக்கிடக்கிறார்கள், ஊர் ஊராக அலுவலகங்களில் நாற்காலி காலியாகக் கிடக்கிறது, நான் முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்குகிறேன், ஒரு புதுப்பெண் தன் அப்பா வீட்டுக்குப் போகவே கூசுகிறாள். தப்பாகக் கேள்வி எடுத்தவருக்கும், ஆட்சேபத்தைப் படிக்காமல் மூலையில் போட்டவருக்கும், ஒவ்வொரு விசாரணைக்கும் அவகாசம் கேட்டவருக்கும் ஒரு நாள் தூக்கம்கூடக் கெட்டிருக்காது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லை. எதிரில் இருந்தவர்கள் என்னைப் போலவே ஏமாந்தவர்கள்.

அவர்கள் போன பிறகு என் கணவர் சொன்னார்: "ஏளா, நல்லா யோசிச்சிக்கோ. அவங்க எல்லாரும் உள்ள போயிட்டா நம்ம கேஸ எவன் சீந்துவான்? இந்தத் தடை ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூன்று நாள் யோசித்தேன். செக்கிங் டேபிள் முன்னால் நின்றால் "நாங்க என்னங்க பண்ணுனோம்" என்பதுதான் காதில் கேட்டது. நான்காம் நாள், மூன்று இடம் போக மற்றதை நிரப்பிக்கொள்ளட்டும் என்று வக்கீலிடம் சம்மதம் சொன்னேன். மற்ற இரண்டு மனுதாரர்களில் ஒருவர் உடனே ஒத்துக்கொண்டார். இன்னொருவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது.

மடத்துக்குளத்துக்காரர் தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டு மற்ற இடங்களை நிரப்பச் சொல்லி மனுப் போட்டார். விசாரணைக்கு இந்த முறை நேரிலேயே போனேன். நீதிமன்ற வராந்தாவில் அவர் தன் மனுவின் நகலை என் கையில் கொடுத்தார். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பத்தியில் நின்றுவிட்டேன். நான் மக்காச்சோளம் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன், ஏக்கருக்கு எட்டு கிலோதான் விதைக்கிறோம், தமிழில் உள்ள கேள்விக்கு எட்டு என்பதே சரி, மனுதாரர்களின் குறை நியாயமானது என்று எழுதியிருந்தது.

அவருடைய வக்கீல் வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். எட்டுதான் சரி என்று நீதிமன்றம் மாற்றிவிட்டால், இருபது என்று எழுதிய இவருக்கு மதிப்பெண் குறையும், பட்டியலிலிருந்தே பெயர் போய்விடலாம்.

"ஏன் அண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"எட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டே இருவதுன்னு போட்டு வேலைக்குப் போறது ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். மனைவி பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தகுதியில்லாமல் உள்ளே நுழைந்தவர் என்று இரண்டு வருடமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆட்களில் இவரும் ஒருவர்.

உள்ளே, மூன்று இடங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நிரப்ப ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி அரசு வக்கீலிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றார் நீதிபதி. அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். அலுவலகத்திலிருந்து தகவல் வரவில்லை என்றார். பத்து நிமிடத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது.

சில மாதங்களில் அவருக்குத் தாராபுரம் பக்கம் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே போன் செய்தார். மனைவி போனைப் பிடுங்கி, "அக்கா, மொத போனு உங்களுக்குத்தானுங்க" என்றார்.

என் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டும், எங்கள் மூவருக்கும் வேலை தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதனால் அவருக்கும் பாதிப்பில்லை. ஆனால் இரண்டு வருடமாக ஒரு பதில் மனு எழுத முடியாத அலுவலகம், இந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒரே மாதத்தில் மேல்முறையீடு எழுதிவிட்டது. இப்போது அது நிலுவையில் இருக்கிறது. என் கணவர் பயந்தபடியே யாருக்கும் அவசரமில்லை. நான் இன்னும் செக்கிங்கில்தான் நிற்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கால் வலிக்கும் நாட்களில், தடையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றாமல் இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

என் கோபம் இன்றுவரை கொஞ்சமும் தணியவில்லை. ஆனால் என்னைப் போலவே காத்துக்கிடக்கும் யார் மீதும் இனி அதைக் காட்டக் கூடாது என்பதை மட்டும், ஒரு காகிதத்தில் தன் வேலையையே பணயம் வைத்து எனக்காக நாலு வரி எழுதிய அந்த மனிதர் எனக்குப் புரியவைத்துவிட்டார்.