‘மாதிரி’ என்ற சொல்

காது மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் பீப் அக்கா. நோயாளியைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, “பீப்னு சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க” என்று நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. அம்மா இருந்தவரை வீட்டில் இன்னொரு குரல் இருந்தது. இப்போது ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். வேலை நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். வார விடுமுறைதான் ஆகாது. அன்றைக்குக் காய்கறிக்காரரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிப் பார்ப்பாள். அவர் அதற்குள் அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்கிவிடுவார்.

காதில் இரைச்சல் என்று வருகிறவர்களிடம் அது என்ன சத்தம் என்று விசாரிப்பதும் அவள் வேலை. வண்டு மாதிரி, மிக்சி மாதிரி, கடல் மாதிரி என்பார்கள். பெரிய டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவைத்திருந்தார்: “வண்டு மாதிரின்னா நம்ம கேஸ். வண்டே உள்ள உக்காந்திருக்குன்னு அடிச்சுச் சொன்னா மனநலப் பிரிவுக்கு அனுப்பிடுங்க. ‘மாதிரி’ இருக்கான்னு பாருங்க, அவ்வளவுதான்.”

புரூஃப் ஐயா முதலில் வந்தபோது ‘மாதிரி’ இருந்தது. பத்திரிகை ஆபீசில் காலமெல்லாம் பிழை திருத்தி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார்.

“போன் மணி அடிக்கிற மாதிரி இருக்கும்மா. எழுந்து போய்ப் பார்த்தா ஒண்ணுமில்ல.”

“அது காது பண்ற வேலை ஐயா. இனிமே எழுந்து போகாதீங்க. கண்டுக்காம விட்டா பழகிடும்” என்றாள்.

காதுக் கருவி பொருத்த, சரிபார்க்க என்று அவர் அடிக்கடி வர வேண்டியிருந்தது. வேலை முடிந்த பிறகும் எழுந்து போக மாட்டார். அவளும் போகச் சொல்ல மாட்டாள். ஒரு நாள் டாக்டரின் ‘மாதிரி’ கணக்கைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

“அட, இது இலக்கணம்மா! இரைச்சல் வண்டு மாதிரி இருக்குன்னா உவமை. ரெண்டும் வேற வேறன்னு தெரிஞ்சே பக்கத்துல பக்கத்துல வைக்கிறோம். ‘என் காதுல ஒரு வண்டு’ன்னா உருவகம். நடுவுல இருந்த வேலியைப் பிடுங்கிட்டோம்.”

“வேலியைப் பிடுங்குனா எங்க டாக்டர் ஆளை வேற வார்டுக்கு அனுப்பிடுவாரு.”

“அப்போ கவிஞருங்க அத்தனை பேரும் அங்கதான் படுத்துக் கிடக்கணும்.”

வீடு போய்ச் சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

கருவி போட்டுச் சில வாரம் கழித்து வந்தவர் உட்காருவதற்கு முன்பே, “போன் அடிக்குதும்மா” என்றார்.

துடைத்துக்கொண்டிருந்த ஹெட்போனோடு அவள் கை நின்றது. “அடிக்கிற மாதிரியா?”

“இல்ல. அடிக்குது. மத்தியானத்துல. உள் ரூம்ல வீட்டுக்காரி கட்டில் பக்கத்துல பழைய லேண்ட்லைன் போன் கிடக்கு. இந்த முட்டிவலியோட நான் போய்ச் சேர்றதுக்குள்ள நின்னுடுது.”

“அந்த நம்பருக்கு யார் கூப்பிடுவாங்க?”

“யாரும் கூப்பிட மாட்டாங்க.” சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

முறைப்படி அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவளுக்கு மனசு வரவில்லை. “நாளைக்கு எனக்கு லீவு. நான் வந்து பார்க்கட்டுமா ஐயா?” என்று கேட்டுவிட்டாள்.

வீட்டில் சோபா முழுக்கச் செய்தித்தாள்கள்; எல்லாவற்றிலும் சிவப்பு மையில் திருத்தம். உள் அறைக் கட்டிலில் இன்னும் இரண்டு தலையணை. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து பேச்சு தீரும்வரை பேசி, பிறகு மத்தியானம் வரக் காத்திருந்தார்கள்.

மணி அடித்தது. அவர் போனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“உங்களுக்குக் கேக்குதாம்மா?”

“நல்லாவே கேக்குது ஐயா. எடுங்க!”

அவர் போனை அவள் பக்கம் நகர்த்தினார். அவளே எடுத்தாள்.

“அண்ணி! அப்பாடா, இன்னைக்காவது எடுத்தீங்களே” என்றது ஓர் ஆண் குரல். “அண்ணனுக்கு என் மேல கோபம் இன்னும் தீரலையா?”

இவ்வளவு உரிமையாக யாரும் அவளை உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரி ‘அக்கா’ வெறும் வாய்ப்பழக்கம். இது வேலியில்லாமல் நேராகக் காதுக்குள் வந்த சொல். ஆனால் அவளுக்கு வந்ததில்லை.

“நான் அண்ணி இல்லைங்க. இருங்க, அண்ணன்கிட்ட குடுக்கிறேன்.”

தங்கள் அம்மாவின் சாவுக்கு வரவில்லை என்று புரூஃப் ஐயா தலைமுழுகிய தம்பி. அண்ணி இறந்ததுகூட அவருக்குத் தெரியாது. “அவ போயிட்டாடா” என்று ஐயா போனில் சொன்னதும், அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். எழுந்து போகாதீங்க என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த மணி எத்தனை முறை அடித்து ஓய்ந்திருக்கும்?

நெடுநேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “உவமையும் இல்ல, உருவகமும் இல்லம்மா. நிஜமாவே போன்தான்!”

தம்பி வந்து அண்ணனைத் தன்னோடு அழைத்துப்போக ஏற்பாடாயிற்று. கிளம்புமுன் இருவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள். பேட்டரி மாற்றுவதைத் தம்பிக்கு அவள் செய்து காட்டினாள். புரூஃப் ஐயா பெருமையாக, “இவங்கதாண்டா. எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி” என்றார்.

அவள் சிரித்தபடி தலையாட்டினாள். பிழையில்லாத வாக்கியம், திருத்த ஒன்றுமில்லை. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தக் கடைசிச் சொல் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் கால் தானாக அந்தத் தெரு வழியே போயிற்று. அவர் இருந்த வீட்டு பால்கனிக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் நிற்பதைப் பார்த்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“யாரைப் பார்க்கணும்?”

“யாரையும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.