சொந்த நாற்காலி

வாடகை நாற்காலிகளை வாசலில் இறக்கினார்கள். சிமென்ட் தரையில் அவை இழுபட்ட சத்தத்தில், அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதை ஒரு நிமிடம் மறந்தேன். காலையிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை.

நாங்கள் முன்பு இருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் ஞாயிறு நான்கு மணிக்கு இதே சத்தம் கேட்கும். அப்பாவோடு வேலை செய்த நான்கு பேர் அவரவர் வீட்டு இரும்பு மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். சொந்த நாற்காலி இல்லாமல் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கடவுள், கிரிக்கெட், ஏரித் தண்ணீர் என்று இருட்டும்வரை பேச்சு ஓடும். அம்மா டீ கொடுத்தே அலுத்துப்போவாள்.

ஒரு ஞாயிறு, வாக்குவாதத்தில் அந்த நால்வரில் ஒருவரான காசிம் மாமாவைப் பார்த்து அப்பா, "எட்டாவது ஃபெயிலு, உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். மாமா எழுந்தார். நாற்காலியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் போனார். அதன்பின் வரவில்லை. அப்பாவும் போய்க் கூப்பிடவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.

இப்போது மறுபடி தரையில் ஏதோ இழுபட்டது. காசிம் மாமா பூந்தமல்லியிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். காலியாகக் கிடந்த வாடகை நாற்காலிகளைத் தாண்டி வந்து, பெட்டியின் தலைமாட்டில் தன் துருப்பிடித்த நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

"வந்துட்டேன் நைனா. இப்போ கேளு, எனக்கு இன்னா தெரியும்னு."

கடையிலிருந்து பிளாஸ்கில் வந்திருந்த டீயை ஊற்றினேன். மாமா கையில் ஒன்றைக் கொடுத்த பிறகுதான், அப்பாவுக்கும் ஒரு டம்ளரை நிரப்பியிருப்பதைப் பார்த்தேன்.