யார் கையானால் என்ன

கோமளா பிசியோதெரபிஸ்ட். தெற்கு தில்லியில் தமிழ்க் கூலிக் குடும்பங்கள் வாழும் குடிசைப் பகுதியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒற்றை அறை மையத்தில் வேலை பார்த்தாள். மூளைவாதத்தால் கைகால் இறுகிப்போன குழந்தைகள் அங்கே வருவார்கள். வீட்டு வேலை செய்யும் பொன்னியின் மகள் மஹாலட்சுமி முதன்முதலாகத் தானே உட்கார்ந்தது அந்த அறையில்தான். பொன்னி அன்று வேலைக்கே போகவில்லை.

பிறகு நன்கொடை நின்றது. மையத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள்.

குருகிராமில் வங்கி வேலையில் இருந்த தம்பி அர்விந்த் ஒரு வழி சொன்னான். "எல்லாம் நீயே செய்யணும்னு ஏன்க்கா நெனைக்கறே? இன்ஷூரன்ஸ் கம்பெனில உன் படிப்புக்கு நல்ல சம்பளம். அதுல ஆள் வெச்சு நடத்து. கொழந்தைங்களுக்கு யார் கையா இருந்தா என்ன?"

கோமளா அந்த வேலையில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து எதற்கெல்லாம் பணம் தர முடியாது என்று எழுதும் வேலை. சம்பளத்தில் மையத்தை நடத்தினாள். அவள் இடத்துக்கு வந்த பெண் சில மாதங்களில் கனடா போய்விட்டாள். அடுத்து வந்தவனைத் தனியார் ஆஸ்பத்திரி இழுத்துக்கொண்டது. அதன்பின் எவ்வளவு தேடியும் அந்தச் சந்துக்குள் வர யாருமில்லை.

மழைக்காலத்தில் பொன்னி போன் செய்தாள். "மேடம், பொண்ணு காலு ரெண்டும் பின்னிக்கிச்சு. துணி மாத்தக்கூடப் பிரிக்க முடியல. ஜல்தி வாங்க மேடம்."

கோமளா தொட்டதுமே குழந்தை வீறிட்டாள். இடுப்பு மூட்டு விலகத் தொடங்கியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அடுத்த வருடம்தான் தேதி கிடைத்தது.

"நீங்க காசு குடுத்தீங்க, இல்லேன்னு சொல்லல," என்றாள் பொன்னி. "ஆனா தெனம் இவள அந்த ரூமுக்குத் தூக்கினு போயி, பூட்டப் பாத்துட்டுத் திரும்பி வந்தேன்."

கோமளா வேலையை விட்டாள். "வாடகைய யார் குடுப்பா? மத்த கொழந்தைங்க என்ன ஆவாங்க?" என்று அர்விந்த் கத்தினான். அவன் பயந்தது நடந்தது. மையம் போய்விட்டது.

இப்போது வயிற்றுப்பாட்டுக்காகக் காலையில் தில்லியின் துவாரகா பகுதி அடுக்குமாடி வீடுகளில் முதுகுவலிக்காரர்களைப் பார்க்கிறாள். மீதி நேரத்தில் குடிசை குடிசையாகப் போகிறாள். மஹாலட்சுமியின் கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும்போது, அலறலைக் கேட்க முடியாமல் பொன்னி வெளியே போய் நின்றுகொள்கிறாள். கோமளாவால் எட்ட முடிவது மிகச் சில குழந்தைகளைத்தான். மற்ற தாய்மார்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள்.